நானூற்று இருபத்தாறாம் இடம்

2064 ஜனவரி 8, காலை 7.20

வெள்ளிமுடி கள நிலையம். பதிவிடுபவர்: ரேச்சல் தவமணி, கால்நடை வைரஸ் ஆய்வாளர். வெப்பம் 9 டிகிரி. மழை விட்டிருக்கிறது. மின்கலம் 81 சதவீதம்.

மலைச்சாலை சரிந்து இன்றோடு பதினொரு நாள். கூட வேலை பார்த்த இருவரும் பண்டிகைக்குக் கீழே இறங்கியவர்கள், அங்கேயே மாட்டிக்கொண்டார்கள். நிலையத்தில் நான் மட்டும்.

வேலை வழக்கம்போல. நாய்களுக்கு வரும் பார்வோ வைரஸ் ஊர் நாய்களிடமிருந்து செந்நாய்களுக்குத் தொற்றாமல் தடுப்பதே எங்கள் திட்டம். தடுப்பு மருந்தை இறைச்சி உருண்டைக்குள் வைத்து நான்கு ட்ரோன்கள் வாரம் ஒரு முறை காட்டில் போடுகின்றன. செந்நாய்களின் எச்சத்தைச் சேகரித்து, அதில் வைரஸ் இருக்கிறதா, இருந்தால் எந்த வகை என்று பார்ப்பது என் பொறுப்பு.

வடக்குக் கூட்டம்: பெரியவை பதினொன்று, குட்டிகள் ஆறு. குட்டிகளுக்கு ஏழு வாரம். எல்லாம் நலம்.

ஜனவரி 10, பகல் 2.05

குகை வாசல் கேமராவில் ஒரு குட்டி அசையாமல் கிடக்கிறது. தாய் அதை இரண்டு முறை மூக்கால் தள்ளிப் பார்த்தது. வாசலில் இரத்தம் கலந்த கழிச்சல். போய் மாதிரி எடுத்து வந்தேன். பார்வோதான்.

வகை மட்டும் பிடிபடவில்லை. படிப்பவருக்காக எழுதுகிறேன். இந்த வைரஸின் மேலோடு ஒரு புரதம். அதில் நானூற்று இருபத்தாறாம் இடத்தில் எந்த அமினோ அமிலம் இருக்கிறது என்பதை வைத்து மூன்று வகையாகப் பிரிப்பார்கள். எண்பது வருடமாக அந்த இடத்தில் மூன்றே பேர்தான் மாறி மாறி உட்கார்ந்திருக்கிறார்கள். இன்று நான்காவதாக ஒருவர் இருக்கிறார்.

கருவிப் பிழையாக இருக்கலாம். நாளை திரும்பச் செய்கிறேன்.

ஜனவரி 11, காலை 10.40

பிழை இல்லை. இன்னும் இரண்டு குட்டிகள் போய்விட்டன.

கீழே கல்லட்டிக் குடியிருப்பிலிருந்து கேத்தன் வாக்கிடாக்கியில் வந்தார். வனத்துறையில் தடம் பார்க்கும் வேலை. இந்தக் காட்டில் செந்நாய்க் குகைகளை எனக்குக் காட்டியவர் அவர்.

"டாக்டரம்மா, எங்க நாயிங்க படுத்துக்கிச்சு. அஞ்சு செத்துருச்சு. எல்லாம் ரத்தமாப் போவுது."

"வெளியூர் நாய் ஏதாவது வந்துச்சா?"

"ரோடே இல்ல, எது வரும்? நீங்க போட்ட உருண்டை ரெண்டு இங்கிட்டு விழுந்துச்சு. அதைத் தின்ன நாயிதான் மொதல்ல படுத்துச்சு."

அது தற்செயல் என்றேன். அந்த மருந்தால் நோய் வராது என்றேன். செத்த நாயின் மாதிரி ஒன்றைச் சரிவுக்கு அக்கரையிலிருந்து வீசச் சொன்னேன். வாக்கிடாக்கியில் ஒரு நாய் முனகுவது மட்டும் கேட்டது.

ஜனவரி 11, மாலை 5.15

உட்கார முடியவில்லை. அறையைச் சுற்றிச் சுற்றி நடக்கிறேன்.

வைரஸின் முழு மரபணுவையும் படித்தேன். முன்பாதி காட்டு வைரஸ். பின்பாதியில் இருபத்தொரு எழுத்துக் கொண்ட ஒரு வரி இருக்கிறது. இயற்கையில் அந்த வரி எங்கும் கிடையாது. மருந்துக்காக நாங்கள் வலுவிழக்கச் செய்த உயிருள்ள வைரஸில், காட்டில் எப்போது பிடித்தாலும் நம்முடையது என்று தெரிய வேண்டும் என்பதற்காக வைத்த அடையாளம். அதை எழுதியது நான். அப்போது எனக்கு இருபத்தொன்பது வயது.

ஒரே நாயின் குடலில் மருந்து வைரஸும் காட்டு வைரஸும் சந்தித்திருக்கின்றன. பாதிக்குப் பாதி மாற்றிக்கொண்டிருக்கின்றன. அந்தக் கலப்பில் நானூற்று இருபத்தாறாம் இடமும் மாறிவிட்டது; அதனால் மருந்துக்கு உடம்பு காட்டும் எதிர்ப்பு இதற்கு உறைக்கவில்லை.

கேத்தன் சொன்னது சரி.

ஜனவரி 12, காலை 9.30

தலைமையகத்துக்கு எல்லாத் தரவும் அனுப்பினேன். திட்ட இயக்குநர் சேஷகிரி நேரடியாகப் பேசினார்.

"மாதிரி கலந்துபோயிருக்கும் ரேச்சல். உங்க லேப்லயே மருந்து இருக்கு. மறுபடி பண்ணிப் பாருங்க."

"மூணு தடவை பண்ணிட்டேன் சார். குகை, கல்லட்டி நாய், ஓடைக்கரை எச்சம். மூணுலயும் அந்த வரி இருக்கு. ட்ரோனை நிறுத்துங்க."

"நாலு மாநிலத்துல இந்த மருந்து விழுது. போன வருஷம் எத்தனை கூட்டம் இதனால பிழைச்சதுன்னு உங்களுக்கே தெரியும். ஒரு மலைல மூணு குட்டி செத்ததுக்காக எல்லாத்தையும் நிறுத்தவா?"

"ஆமா சார்."

"நீங்க தனியா ரொம்ப நாள் இருந்துட்டீங்க. ஹெலிகாப்டருக்குக் கேட்டிருக்கேன். அதுவரைக்கும் யார்கிட்டயும் இதைப் பேச வேண்டாம்."

11.05: செயற்கைக்கோள் இணைப்பு இல்லை. திரையில் 'பராமரிப்பு' என்று வருகிறது.

அவர் கெட்டவர் இல்லை. போன வாரம் இதே கேள்வியை இன்னொருவர் கேட்டிருந்தால், நானும் 'மாதிரி கலந்திருக்கும்' என்றுதான் சொல்லியிருப்பேன்.

ஜனவரி 13, காலை 6.50

ட்ரோன்கள் கிளம்புவது தலைமையகத்தின் கட்டளையில், தனி அலைவரிசையில். இங்கிருந்து நிறுத்தப் பொத்தான் கிடையாது. கொட்டகைக்குப் போய் நான்கின் மின்கலங்களையும் கையால் பிடுங்கினேன். ஒன்றின் இறக்கை சுழலத் தொடங்கிவிட்டது, இடது உள்ளங்கை கிழிந்தது. கட்டுப் போட்டிருக்கிறேன்.

இருப்பிலிருந்த உருண்டைகள் முழுவதையும் தொட்டியில் கொட்டிப் பிளீச்சிங் கரைசலில் ஊற வைத்தேன். இந்த வைரஸ் வெயிலுக்கும் குளிருக்கும் அசராது, மண்ணில் ஒரு வருடம் கிடக்கும். பிளீச்சிங் ஒன்றுதான் கேட்கும். மூட்டை பாதி தீர்ந்துவிட்டது.

ஜனவரி 14, பகல் 12.30

வடக்குக் கூட்டம்: பெரியவை ஐந்து. குட்டிகள் இல்லை. தாய் வெறும் குகையின் வாசலில் படுத்திருக்கிறது.

கேத்தனைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். பிழைத்த நாய்களைக் கட்டிப்போடச் சொன்னேன். செத்தவற்றை ஆழமாகப் புதைத்துப் பிளீச்சிங் போடச் சொன்னேன். கேட்டுவிட்டு ஒன்று கேட்டார்.

"இப்படி ஆவும்னு உங்களுக்கு மொதல்லயே தெரியுமா, தெரியாதா?"

"ஆகலாம்னு தெரியும். லட்சத்துல ஒண்ணுன்னு எழுதினோம்."

"லட்சத்துல ஒண்ணுன்னா, அந்த ஒண்ணு எங்கியாவது இருக்குந்தானே டாக்டரம்மா."

மன்னிப்புக் கேட்டேன். "அந்தக் கணக்கெல்லாம் ஏதோ சில்லுல இருக்கும்ல? குடுங்க. நான் டவுனுக்குக் கொண்டுபோறேன்," என்றார்.

ஜனவரி 15, காலை 11.10

சரிவின் அக்கரையில் கேத்தன் நின்றார். கிட்டே வரக் கூடாது என்று கத்தினேன். என் செருப்பிலும் உடையிலும் வைரஸ் இருக்கும். அவர் செருப்பையும் பிளீச்சிங்கில் நனைத்துவிட்டே கிளம்பச் சொன்னேன்.

நினைவுச் சில்லைப் பிளீச்சிங்கில் துடைத்த டப்பாவில் அடைத்து, கல் கட்டி வீசினேன். முதல் வீச்சு பள்ளத்தில் போனது. இரண்டாம் பிரதி அவர் காலடியில் விழுந்தது. கால்நடைக் கல்லூரியில் என்னோடு படித்த நூர்ஜஹானிடம் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். அவள் இதைப் படித்தால் சும்மா இருக்க மாட்டாள். நடந்தே நகரம் போய்ச் சேர அவருக்கு மூன்று நாள் ஆகும்.

அவருடைய நாயும் நேற்றுக் காலை செத்துவிட்டதாகப் போகும்போதுதான் சொன்னார்.

ஜனவரி 16, காலை 8.25

மின்கலம் 12. சுருக்கமாக.

கிழக்கே ட்ரோன் சத்தம். என்னுடையவை அல்ல. பக்கத்து மலை நிலையத்திலிருந்து அனுப்பியிருக்கிறார்கள். என் பகுதி விட்டுப்போன வாரத்துக்கும் சேர்த்து, இரட்டை அளவு. ஏழு ட்ரோன்கள் எண்ணினேன். உருண்டைகள் சரிவெங்கும் விழுகின்றன.

8.50

சாக்கை எடுத்துக்கொண்டு ஓடிப் பொறுக்குகிறேன். தொண்ணூற்றொன்று. கட்டு அவிழ்ந்துவிட்டது. புல்லுக்குள் விழுந்தவை கண்ணில் படவில்லை. இன்னும் போடுகிறார்கள்.

9.15

நூற்று நாற்பது. வடக்குச் சரிவை இன்னும் தொடவில்லை. மேலே விசில் சத்தம். செந்நாய்கள் குரைப்பதில்லை, விசிலடிக்கும். தீனி கிடைத்தால் கூட்டத்தை அப்படித்தான் கூப்பிடும்.

இது ஒரு கூட்டம் இல்லை. மேற்கிலிருந்தும் பதில் வருகிறது. அந்தப் பக்கத்துக் கூட்டத்துக்கு இன்னும் நோயே இல்லை, அவை ஓடையைத் தாண்டி

போகிறேன். கத்தி விரட்ட முடியுமா என்று