செலின் அக்காவின் கேக் ஆர்டரும் என் ஸ்கிரிப்டும்

டிச. 7, ஞாயிறு

காலையிலிருந்து தூறல். துணி எதுவும் காயவில்லை.

அக்காவின் வாட்ஸ்அப் கேக் குரூப்பை டெக்ஸ்ட் ஃபைலாக இறக்கினேன். அதில் ஒவ்வொரு மெசேஜும் தேதியோடு தொடங்கும். வேண்டியது ஆள் பெயர், எத்தனை கிலோ. தேதியோடு தொடங்கும் வரியை எடு, அதில் கிலோ இருந்தால் வை, இல்லையென்றால் தள்ளு. கம்ப்யூட்டருக்கு ஒரு குட்டி ஸ்கிரிப்ட். அக்கா உட்கார்ந்து எழுதி இடுப்பு ஒடிந்த வேலை, டீ ஆறுவதற்குள் முடிந்தது. என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

"எல்லாம் வந்துச்சாடி?"

"அது உன்ன மாதிரி தூங்கி வழியாதுக்கா."

"அப்ப இனிமே நீயே பாத்துக்க. நான் குரூப்பத் தொறக்கல."

டிச. 13, சனி

குரூப்பை மறுபடி இறக்கி ஸ்கிரிப்டை ஓட்டினேன். ஆர்டர் நினைத்ததில் பாதிகூட இல்லை. அக்கா மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் கம்பெனி வேலையை விட்டுவிட்டு கேக்கில் இறங்கியவள். இந்தக் கிறிஸ்துமஸ் ஓடாவிட்டால் ஜனவரியில் மறுபடி கம்பெனி பஸ்தான்; அதுவரை அவள் இடத்தை வைத்திருப்பதாக மேனேஜர் சொல்லியிருக்கிறார். அவள் மாமியார் முதலிலேயே சொன்னது: "ஊருக்கு கேக் சுட்டு விக்கவா உன்ன கட்டிக்கினு வந்தோம்?" அந்த அம்மாவும் குரூப்பில் இருக்கிறார். வேவு பார்க்கத்தான், வேறெதற்கு.

அக்கா: "முந்திரி கம்மியாவே வாங்கு." எனக்கு மனசே சரியில்லை.

டிச. 14, ஞாயிறு

பூசை முடிந்து பெரிய மார்க்கெட். முந்திரி, திராட்சை, பட்டை. பூக்கடையருகே பெலிசியா டீச்சர்.

"ரெண்டு கிலோ சொன்னேன், செலின்கிட்டருந்து பதிலே காணோம்."

"லிஸ்ட்ல உங்க பேரே இல்ல டீச்சர்." கறாராகத்தான் சொன்னேன்.

போனை நீட்டினார். முதல் வரி: இயேசுவுக்கே புகழ். ஆர்டர் அதற்கு அடுத்த வரியில். அடுத்த வரிக்குத் தேதி கிடையாது. முதல் வரியில் கிலோ கிடையாது. ஸ்கிரிப்ட் இரண்டையும் தள்ளியிருக்கிறது.

எங்கள் ஆட்கள் கும்பிடு போடாமல் கேக் கேட்பார்களா? நானே அப்படித்தான் எழுதுவேன். மரியாதை தெரிந்தவர்கள் எல்லோரும் வெளியே, மொட்டையாகக் கேட்டவர்கள் மட்டும் உள்ளே. அங்கேயே நின்று சிரித்துவிட்டேன். முந்திரி இரண்டு மடங்கு வாங்கினேன்.

வீடு. தேதி இல்லாத வரியை மேல் வரியோடு ஒட்டு. அவ்வளவுதான் திருத்தம். ஓட்டியதும் பட்டியல் திரையைத் தாண்டிப் போனது. இயேசுவுக்கே புகழ், வணக்கம்மா, குட்மார்னிங், நடுவில் பிரெஞ்சில் ஒரு போன்ழூர். ஒவ்வொன்றின் அடியிலும் கிலோ.

அக்கா எட்டிப் பார்த்தாள். "நில்லுடி. அத்தைன்னு போட்டிருக்குது பாரு."

அவள் மாமியார். வியாழக்கிழமை அனுப்பியது:

"இயேசுவுக்கே புகழ்.
எனக்கும் மூணு கிலோ. கோயில்ல எல்லாருக்கும் குடுக்கணும். டப்பா மேல உன் பேர் போட்டுக் குடு."

அக்கா மறுபடி படித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

டிச. 15, திங்கள்

நல்ல வெயில். டப்பா, ஸ்டிக்கர் சொல்ல வேண்டும். காலையில் முதல் வேலையாக அக்கா கம்பெனிக்கு போன் போட்டாள்: "சார், ஜனவரிக்கு வேற ஆளப் பாத்துக்குங்க."