யாருடைய குரல்

அன்புள்ள மபாஸாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். வீட்டில் எல்லோரும் சுகமா? தோஹாவில் வெயில் தணிந்துவிட்டது, நானும் சுகம்.

பல்லேபொல அன்ஸாப் லீவில் நம் வீட்டுக்கும் வந்துவிட்டு இங்கு திரும்பினான். நீ வெள்ளிதோறும் போனில் பதிந்து அனுப்பும் நம் மகளின் குரலைப் பெருமையாகப் போட்டுக் காட்டினேன். "நானா, இது ஒங்கட மச்சிட மகள். றிஸ்லாவுக்கு இன்னும் பேச்சு வரல்லயே" என்றான். சிரித்துச் சமாளித்தேன்.

ஆறு வயதுப் பிள்ளைக்குப் பேச்சு பிந்துவது வெட்கமா? அவளை அருகில் வைத்துக்கொண்டே உன் சகோதரியின் பிள்ளையை என்னை "வாப்பா" என்று சொல்ல வைத்தாயே. பேச்சுத்தான் வரவில்லை, அவளுக்கு எல்லாம் விளங்கும்.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி தரும் மிஸ்ஸிடம் அவளைக் கூட்டிப் போ. தேத்தண்ணியில் போடக் கொஞ்சம் கறுவாப்பட்டை அனுப்பு, இங்குள்ள தேத்தண்ணி இறங்கவில்லை.

கடிதத்தை ஊருக்குக் கொண்டுவருபவர் வாசலில் நிற்கிறார், முடிக்கிறேன். இந்த வெள்ளி போனை றிஸ்லாவின் கையில் கொடு. அவள் பேசாமலே இருக்கட்டும். நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

ஸக்கரியா