முப்பத்தெட்டாம் தகடு

லேக் மார்க்கெட், கல்கத்தா
26-9-2003

அம்மிணி மகேஸ்வரிக்கு அப்பா எழுதுவது.

இங்கே நானும் அம்மாவும் உடம்பளவில் சுகம். அங்கே நீ உடம்பளவிலும் மனசளவிலும் சுகமாக இருக்க வேண்டும். என் மனசைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை என்பதைக் கவனித்திருப்பாய். நீயும் உன் அண்ணன் முருகானந்தமும் சேர்ந்து, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், என் பெயர்த் தகட்டை அடுக்குமாடி கட்டி விற்கிற ஒரு ப்ரோமோட்டருடைய டீசல் வண்டியின் பின்கதவில் அடித்துவிட்டீர்கள். அடித்தது அவன் கை, சரி என்று சொன்னது உன் வாய். இரண்டு பேரும் செய்தது தவறு. இதை முதலில் எழுதிவிட்டேன், ஏனென்றால் கடைசியில் எழுதினால் நடுவிலேயே என் கோபம் ஆறிவிட்டது என்று நினைத்துக்கொள்வாய். ஆறவில்லை, இன்றைக்கு ஒன்பதாவது நாள்.

அடித்த நாள் எது என்று உனக்கு அவன் சொன்னானா தெரியாது. விஸ்வகர்மா பூஜை அன்று. முப்பத்தோரு வருஷமாக நம் ஒர்க்‌ஷாப்பில் அன்றைக்கு ஒரு ஸ்பானரையும் யாரும் தொட்டதில்லை, எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்துச் சிலைக்கு முன்னால் வரிசையாக வைத்துவிடுவோம் என்று உனக்கே தெரியும், சின்னப் பிள்ளையில் அந்த வரிசையை நீதான் அளவு பார்த்து அடுக்குவாய். நான் காலையில் வாழையிலையும் பூவும் வாங்க மார்க்கெட் பக்கம் போயிருந்தேன். திரும்பி வந்தால் வாசலை அடைத்துக்கொண்டு லாரி உயரத்துக்கு ஒரு வண்டி நிற்கிறது. நியூ டவுனில் பத்து மாடி பன்னிரண்டு மாடி எழுப்புகிற சாஹா பாபு புதிதாக வாங்கியது, பூஜை போட்டுத் தரச் சொல்லிக் கொண்டுவந்திருக்கிறார். அதுவரை சரி, யார் வண்டிக்கும் நாம் பொட்டு வைப்போம். பின்பக்கம் போய்ப் பார்த்தால், உதிரிச் சக்கரத்துக்குப் பக்கத்தில், தெருவில் போகிற வருகிறவர்கள் எல்லாம் படிக்கிற மாதிரி, பித்தளைத் தகடு. ஆர்.எம்., 38. ரிவெட் அடித்த சூடு கூட ஆறியிருக்காது. சாஹா பாபு என்னைப் பார்த்து "தாதா, ஃபாட்டாஃபாட்டி" என்று பாராட்டிக் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். உன் அண்ணன் என்னைப் பார்க்கவில்லை, வண்டியின் டயரைப் பார்த்தான்.

அந்தத் தகடு என்னவென்று உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். இப்போது சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு வண்டியை நானே பிரித்து, நானே சேர்த்து, விடியற்காலையில் ரெட் ரோட்டில் நானே ஓட்டிப் பார்த்து, இறங்கும்போது குறை சொல்ல ஒன்றும் தோன்றாவிட்டால் மட்டும் ஒரு தகடு. முப்பத்தோரு வருஷத்தில் முப்பத்தேழு வண்டி. பாரக்பூர் விமானத்தளத்தில் ரேஸ் ஓடிய வண்டிகள், ராலிக்குப் போன ஃபியட்டுகள், வெள்ளைக்காரக் கம்பெனி மேனேஜர்கள் விட்டுப்போன, இரண்டே பேர் உட்காருகிற வேக வண்டிகள். எல்லாத் தகடும் பானெட்டுக்கு உள்ளே, என்ஜினுக்குப் பின்னால் இருக்கிற தகரச் சுவரில். பானெட்டைத் திறக்கத் தெரிந்தவன் பார்த்தால் போதும், மற்றவர்களுக்கு அது எதற்கு. அதைப் பின்கதவில் அடித்த அன்றைக்கே அது தகடு இல்லை, விளம்பரம்.

முருகன் சொல்வதையும் எழுதிவிடுகிறேன், நான் ஒருபக்கமாகப் பேசுகிறேன் என்று நீ சொல்லக்கூடாது. "ஏனுங்கப்பா, பெட்ரோல் வண்டியெல்லாம் கம்ப்யூட்டர் வெச்சிருக்கிற ஷோரூமுக்குப் போயிருச்சு. கார்புரேட்டர் வண்டி மாசத்துக்கு ஒண்ணு வருதுங்களா? நான் ஆளுங்களுக்குச் சம்பளம் குடுக்க வேண்டாமா?" என்கிறான். இது பொய் இல்லை. உயரமான டீசல் வண்டிகள்தான் இப்போது ஊரெல்லாம். அவற்றின் முன்பக்கம் இரும்புக் கம்பி வைப்பது, ஏறுவதற்குப் படி வைப்பது, பனிமூட்டத்துக்கு விளக்கு வைப்பது என்று அவன் நல்லபடியாகச் சம்பாதிக்கிறான். வேண்டாமென்று நான் சொன்னேனா? செய்யட்டும். என் பெயரை எதற்கு அதில் இழுத்தான் என்று கேட்டேன். அதற்குத்தான் உன்னைக் காட்டினான். "மகேஸ்கிட்டக் கேட்டேனுங்க. போட்டுக்கோண்ணா, இங்க எங்க கார் கம்பெனியே அதத்தான் செய்யறாங்க, அப்பாகிட்ட நான் பேசிக்கறேன்னா." நீ பேசவில்லை. மூன்று தடவை போன் வந்தது, மூன்று தடவையும் அம்மாவோடு பேசிவிட்டு வைத்துவிட்டாய். என்னிடம் பேசுவதற்குப் பயமா, பேச வார்த்தை இல்லையா தெரியவில்லை.

போன குளிர்காலத்தில் நீ வெளிநாட்டிலிருந்து அனுப்பிய போட்டோ இங்கே ஃப்ரிட்ஜின் மேல் இருக்கிறது. பனியில் நீ நிற்கிறாய், உன் பக்கத்தில் நீ வேலை பார்க்கிற கார் கம்பெனியின் புது வண்டி, உன் தோள் உயரத்துக்கு அதன் பானெட். நான் வரும்போதெல்லாம் அதைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைப்பேன், அம்மா வந்து மறுபடி திருப்புவாள். "வண்டியப் பாக்க வேண்டாமுங்க, புள்ளயப் பாருங்க" என்கிறாள். புள்ளையை மட்டும் பார்க்க முடிகிற மாதிரி அந்த வண்டி இடம் விடவில்லையே. ஐம்பது வருஷமாக இரண்டு பேர் வண்டி மட்டும் செய்து பெயர் வாங்கிய கம்பெனி. அந்தப் பெயரின் ஒவ்வொரு எழுத்தும் எடையைக் குறைத்துக் குறைத்துச் சம்பாதித்தது. நான் டிக்‌ஷனரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆங்கில மேன்யுவல் படிக்கக் கற்றுக்கொண்ட காலத்திலிருந்து அவர்கள் வண்டிகளைப் பற்றிப் படித்துக்கொண்டு வருகிறேன். அதே முத்திரையை இரண்டு டன்னுக்கு மேல் எடையுள்ள ஒன்றின் மூக்கில் ஒட்டி, இதுவும் எங்கள் பிள்ளைதான், இதுவும் வேகமாக ஓடும் என்கிறார்கள். சோபாவை நான்காவது மாடியிலிருந்து தள்ளிவிட்டால் அதுவும் வேகமாகத்தான் வரும். நேராக வேகமாகப் போவதற்கு யாரும் அந்தக் கம்பெனியிடம் போகவில்லை அம்மிணி, வளைவில் வண்டி என்ன செய்கிறது என்பதற்காகப் போனார்கள்.

நீ அப்போது எழுதிய கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். பத்து வருஷத்துக்கு முன்னால் கம்பெனி மூடுகிற நிலைக்கு வந்தது, இரண்டு பேர் வண்டியை மட்டும் விற்றுப் புதிய இரண்டு பேர் வண்டி செய்ய முடியாது, இந்தப் பெரிய வண்டிதான் சின்ன வண்டிக்குச் சோறு போடப்போகிறது என்று எழுதியிருந்தாய். "ரெண்டு பேர் வண்டி வாங்கறவனுக்கும் குழந்தை பொறக்கும்ப்பா, அவன் எங்க போவான்" என்று போனில் சிரித்தாய். நான் அன்றைக்குச் சிரிக்கவில்லை, இப்போது பதில் சொல்கிறேன். சோறு போடட்டும், வேறு பெயரில் போடட்டும். ஒரு கம்பெனி இரண்டு பெயர் வைத்துக்கொள்ளக் கூடாதென்று ஏதாவது சட்டம் இருக்கிறதா? பழைய பெயர் இல்லாமல் அந்தப் பெரிய வண்டியை யாரும் வாங்க மாட்டார்கள் என்றால், அவர்கள் விற்பது வண்டியை இல்லை, பெயரைத்தான். பெயரை எத்தனை வருஷம் விற்க முடியும்? உன் கம்பெனியில் படித்தவர்கள் ஆயிரம் பேர் உட்கார்ந்து கணக்குப் போட்டிருப்பார்கள், நான் எட்டாவது கூட முடிக்காதவன், ஆனாலும் எங்கள் தெருவில் நடந்ததை எழுதுகிறேன், கேட்டுக்கொள்.

பூஜை முடிந்த நாலாம் நாள் மஹாதேவன் சார் வந்தார். சதர்ன் அவென்யூவில் இருக்கிற பாங்க் ஆபீசர், ரிட்டயர் ஆகிப் பத்து வருஷம், சிவப்பு இரண்டு பேர் வண்டி, தகடு நம்பர் 12. வழக்கமாக வந்தால் அம்மா கையால் காபி குடித்துவிட்டுத்தான் பேசவே ஆரம்பிப்பார். அன்றைக்கு உட்காரவில்லை. "கரியாஹாட் சிக்னல்ல ஒரு பெரிய வண்டி எனக்கு முன்னாடி நின்னுது. பின்னாடி உன் தகடு. டிரைவர் வெத்தலைய துப்பிண்டிருக்கான். என்ன ராஜமாணிக்கம், இப்போ கேக்கறவாளுக்கெல்லாம் குடுக்கறயாமே?" என்றார். இல்லை என்று சொன்னால் பொய், கொடுத்தாகிவிட்டது. ஒரு பழைய பாங்க் கவரை மேஜை மேல் வைத்தார். உள்ளே அவருடைய 12-ஆம் தகடு. "என்னோடது உள்ளேயே இருக்கட்டும்னுதான் இருபத்திரண்டு வருஷம் வெச்சிண்டிருந்தேன். இனிமே அது எதுக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன், அவர் வருத்தமாகச் சொன்னார். அதே நாள் சாயங்காலம் முருகன் சந்தோஷமாக வந்து, சாஹா பாபுவின் சிநேகிதர்கள் ஆறு பேர் அதே மாதிரித் தகடு கேட்கிறார்கள் என்றான். ஆறு பேருக்கு வேண்டும், ஒருவருக்கு வேண்டாம். முருகன் அதை லாபம் என்கிறான், உன் கம்பெனியும் அப்படித்தான் சொல்லும். எனக்கு அந்த ஒருவர்தான் கண்ணில் நிற்கிறார்.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுதுகிறேன், எப்படியும் உன் அண்ணன் உன்னிடம் சொல்லிச் சிரித்திருப்பான். பூஜை அன்று நான் கத்தி முடித்தேன், சாமான் தொடக்கூடாத நாளில் ரிவெட் கன்னைத் தொட்டாயே என்று எல்லோர் முன்னாலும் கத்தினேன். சாஹா பாபு கும்பிட்டுவிட்டு வண்டியை ஸ்டார்ட் செய்தார். நின்ற இடத்திலேயே என்ஜின் சத்தம் ஏறுகிறது, இறங்குகிறது, மாடிப்படி ஏறிய மனுஷன் மூச்சு வாங்குகிற மாதிரி. டீசல் வருகிற குழாயில் எங்கோ காற்று புகுகிறது. அவருக்குக் கேட்கவில்லை, முருகனுக்குக் கேட்டும் நாளைக்குப் பார்க்கலாம் என்று நிற்கிறான். எனக்கு என்ன ஆயிற்றோ, சிலைக்கு முன்னாலிருந்து பதினேழாம் நம்பர் ஸ்பானரை, குங்குமம் வைத்ததை, அப்படியே எடுத்துவிட்டேன். செம்பு வாஷர் ஒன்று நசுங்கியிருந்தது. மாற்றி, காற்றை வெளியே எடுத்து, ஒரு சுற்று ஓட்டியும் பார்த்தேன். ஒழுங்காக ஓடியது. இறங்கியதும் உன் அண்ணன், "இன்னைக்கு ஸ்பானர் தொடக்கூடாதுன்னீங்களே. செரி போகட்டும், இப்ப உங்க கையும் பட்டுருச்சு, ஓட்டியும் பாத்துட்டீங்க, தகடு செரியாப் போச்சுல்லங்க?" என்றான். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவர்களுக்குச் சிரிப்பு. கை படுவது வேறு, பெயர் வைப்பது வேறு. டாக்டர் வருகிறவர்களுக்கெல்லாம் மருந்து கொடுக்கிறார், அதற்காக எல்லாப் பிள்ளைக்கும் தன் பெயரையா வைக்கிறார்? இதை அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும், எனக்கு இரண்டு நாள் கழித்துத்தான் தோன்றியது.

நான் ஏன் இத்தனை தூரம் எழுதுகிறேன் என்று கேட்பாய். தகடு அடித்ததற்காக மட்டும் இல்லை, அந்த நம்பருக்காக. 37-ஆம் தகடு அடித்துப் பல வருஷம் ஆகிறது. 38-ஐ நான் வெட்டியது எந்த வண்டிக்காகவும் இல்லை. நீ அந்தக் கம்பெனியில் சேர்ந்துவிட்டதாக போன் செய்தாயே, மறுநாள் உட்கார்ந்து வெட்டினேன். நீ ஒருநாள் ஒரு வண்டி செய்வாய், இரண்டு பேர் வண்டி, அதன் உள்ளே எங்காவது யாரும் பார்க்காத இடத்தில் இதை வைக்க அவர்கள் விடாவிட்டாலும் உன் மேஜை டிராயரிலாவது வைத்துக்கொள்வாய் என்று ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை, அம்மாவிடம் கூட. சொல்லாதது என் தவறு என்று முருகன் சொல்லலாம். சொல்லாமல் இருந்தாலும் என் பாட்டிலில் இருக்கிற ஒரே தகட்டை எடுக்குமுன் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். "பாட்டில்ல ஒண்ணு சும்மா கெடக்குது" என்று அவன் உன்னிடம் சொன்னானாம். சும்மா கிடக்கவில்லை அம்மிணி, அது உன்னுடையது. உன்னுடையதை எடுக்க நீயே சம்மதம் கொடுத்தாய்.

இனி நடக்க வேண்டியதை எழுதுகிறேன். முருகன் துர்கா பூஜை லீவு தொடங்குவதற்குள் ரிவெட்டைத் துளைத்து 38-ஐக் கழற்ற வேண்டும், தகடு வளையக் கூடாது. தன் பெயரில், அலுமினியத்திலோ எதிலோ, எத்தனை பெரிதாக வேண்டுமானாலும் ஒரு தகடு செய்து சாஹா பாபுவுக்கும் அந்த ஆறு பேருக்கும் அடித்துக் கொடுக்கட்டும், அவன் கம்பியும் படியும் வைக்கிற எதிர்ப்பக்க ஷெட்டில் அதற்குத் தனி போர்டும் மாட்டட்டும், நான் குறுக்கே நிற்க மாட்டேன். சாஹா பாபு வண்டியைக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும், கதவில் விழுந்த ஓட்டைகளை முருகன் தன் செலவில் அடைத்துப் பெயிண்ட் அடிக்க வேண்டும். மஹாதேவன் சார் வீட்டுக்கு நான் போக வேண்டும், முருகனை அனுப்பினால் சரிவராது, 12-ஐ இருந்த இடத்திலேயே நானே வைத்துவிட்டு வர வேண்டும், அவர் வேண்டாமென்றால் வேண்டும் என்கிறவரை வாசலில் நிற்க வேண்டும். அம்மா உனக்குக் கொள்ளுப் பருப்புப் பொடி இடித்து வைத்திருக்கிறாள், அதை அனுப்ப வேண்டும், போட்டோவை அவள் மறுபடி மறுபடி திருப்புவதை நிறுத்த வேண்டும், அது இப்போதைக்குச் சுவரையே பார்க்கட்டும். நீ செய்ய வேண்டியது, போனில் இல்லை, கையால் எனக்கு எழுத வேண்டும். அந்தப் பெரிய வண்டியில் உன் கை பட்ட பாகம் எது, ஈர ரோட்டில் வளைவில் அது என்ன செய்கிறது, நீ ஓட்டிப் பார்த்து இறங்கும்போது குறை சொல்ல ஏதாவது தோன்றியதா, இந்த மூன்றுக்கும் பொய் இல்லாமல் பதில் எழுத வேண்டும். அதைப் படித்துவிட்டு 38 எங்கே போக வேண்டும் என்று நான் தீர்மானிப்பேன். நீயும் உன் அண்ணனும் தீர்மானிக்க வேண்டாம்.

பனி விழத் தொடங்குமுன் டயரை மாற்றிவிடு, போன வருஷம் மாதிரித் தள்ளிப்போடாதே. நீ நன்றாக இரு. நீ எந்த வண்டி செய்தாலும் அது நிற்கவேண்டிய இடத்தில் நிற்கட்டும்.

உன் அப்பா
இராஜமாணிக்கம்

மூன்று கேள்விகளுக்கும் தனித்தனியாகப் பதில் எழுது. மூன்றாவதை விட்டுவிடாதே.