கரடி விடாத கரடி

ஜூன் 3, செவ்வாய்

அக்காவின் போனில் என் பெயரை "எம்.டி. சார்" என்று மாற்றிவைத்து, குளியலறையிலிருந்து கூப்பிட்டேன். எழுந்து நின்று "குட் மார்னிங் சார்" என்றாள். சிரித்த சிரிப்பில் மாட்டிக்கொண்டேன். தலையில் நறுக்கென்று ஒரு குட்டு. வலித்தாலும் லாபம்.

இன்னொரு செய்தி. பொம்மைக் கடையில் கரடி வேஷம் போட ஆள் தேவையாம். குழந்தைகளோடு ஆட வேண்டும், கை குலுக்க வேண்டும், பேசக் கூடாது. கடைசி விதி மட்டும் கொடூரம். மற்றபடி எனக்காகவே பிறந்த வேலை. பள்ளிக்கூடத்தில் இத்தனை வருஷம் இலவசமாக அடித்த கூத்துக்கு இனிமேல் சம்பளம்!

ஜூன் 4, புதன்

விண்ணப்பம் நிரப்பினேன். வயது பதினெட்டு, உயரம், முகவரி எல்லாம் சரசரவென்று ஓடியது. அப்புறம் ஒரு கேள்வி: "மனநலச் சிகிச்சை ஏதும் பெறுகிறீர்களா? ஆம் / இல்லை."

பதவிக்குப் பதியப் போனால் பதற்றத்தையும் பதியச் சொல்கிறார்கள்.

பெறுகிறேன்தான். டாக்டர் சொன்ன பெயர் பீதி நோய். காரணமே இல்லாமல் நெஞ்சு படபடக்கும், மூச்சு முட்டும், இதோ சாகப் போகிறேன் என்று தோன்றும். சாக மாட்டேன். கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். மாத்திரை ஆரம்பித்த பிறகு எப்போதாவதுதான் வருகிறது. பீதி கொஞ்சம், மீதி நான். ஆனால் அந்த மீதியை எழுத அங்கே இடம் விடவில்லையே?

அக்கா ஒரு அலுவலகத்தில் வேலை கேட்டு வரும் விண்ணப்பங்களைப் பிரித்து அடுக்குகிறவள். "ஆம்னு போட்ட தாள் எந்தக் கட்டுக்குப் போகும்னு எனக்குத் தெரியும்டி. வைக்கிறதே நான்தான்," என்றாள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "கரடி வேலைக்குப் போறவ குட்டியா ஒரு கரடி விட்டா குடி ஒண்ணும் முழுகிடாது."

விழுந்து விழுந்து சிரித்தேன். "இல்லை"யில் டிக் போட்டேன். அதற்கப்புறம் சிரிப்பு வரவில்லை.

ஜூன் 6, வெள்ளி

கூப்பிட்டுவிட்டார்கள்! திங்கட்கிழமை வேஷம் போட்டுக் காட்ட வேண்டுமாம். அம்மாவைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினேன். "எறக்கி விடுடி எருமை!" "எருமை இல்லம்மா, கரடி!"

ஜூன் 9, திங்கள்

கடை மேனேஜர் மூச்சு விட்டால் மூக்கில் மெல்லிசாக விசில் கேட்கிறது. ஆகவே அவர் பெயர் விசில்.

கடைக்குப் பின்னால் கிடங்கு. கரடி ஒரு ஆணியில் தலையில்லாமல் தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே இறங்கினேன். ஐயோ, வால்! ஆட்டினேன். ஆடியது! இன்னும் ஆட்டினேன். அதற்குள் விசில் கரடித் தலையைத் தூக்கிக்கொண்டு வந்தார். "இத மாட்டிப் பின்னால ஜிப்பப் போட்டுட்டா வெளியில இருந்துதான் தொறக்கணும். ஷோ முடிஞ்சதும் நான் வந்து தொறப்பேன். சரியா?"

வெளியிலிருந்துதான்.

உள்ளே இருக்கும்போது அது வந்தால்? கையைக் காலை உதறினால் கரடி நன்றாக ஆடுகிறது என்று கைதட்டுவார்களே? ஒருத்தருக்கும் தெரியாமல் நான் அதற்குள்ளேயே —

"சார், ஒரு நிமிஷம்," என்றேன். கழுத்துக்குக் கீழே கரடி, மேலே நான். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

விசில் என் விண்ணப்பத்தை எடுத்து வந்து பார்த்தார். "இதுல இல்லைன்னு போட்டிருக்கே?"

"அது... கரடி விட்டுட்டேன் சார்."

சிரிக்கவில்லை! இப்படி ஒரு இடத்தில் வந்து விழுந்த வார்த்தைக்குச் சிரிக்காத மனுஷன்! "கழட்டும்மா," என்றார். "முதலாளியம்மாகிட்டக் கேக்கணும்."

கழற்றினேன்.

ஜூன் 10, செவ்வாய்

போன் வரவில்லை. என்னையே திட்டிக்கொண்டேன்: லூசாடி நீ? வாய மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்ல? அந்த வால் எவ்ளோ அழகா ஆடுச்சு!

அக்கா திட்டுவாள் என்று பார்த்தேன். திட்டாமல் தன் பங்கு முட்டையை என் தட்டுக்குத் தள்ளினாள். போச்சு. அவள் முட்டை தருகிறாள் என்றால் எனக்கு வேலை இல்லை என்று அர்த்தம்.

ஜூன் 12, வியாழன்

தெரியாத எண். "பொம்மைக் கடையில இருந்து பேசறேன்," என்றது ஒரு பெண்குரல். அக்காதான் குரலை மாற்றிப் பழிவாங்குகிறாள் என்று, "போடி குரங்கே," என்றேன்.

முதலாளியம்மா!

"குரங்கு வேஷம் இல்லம்மா, கரடிதான் இருக்கு," என்றார். பூமி பிளக்கவில்லை. நான் மன்னிப்புக் கேட்டு முடிப்பதற்குள் அவரே பேசினார்: "இதுக்கு முன்னால ரெண்டு கரடி சொல்லாம கொள்ளாம ஓடிடுச்சு. உள்ள என்ன கஷ்டம்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. நீ ஒருத்திதான் வாயத் தொறந்து சொல்லியிருக்கே. ஜிப்ப உள்ள இருந்தே தொறக்கிற மாதிரித் தைக்கக் குடுத்திருக்கேன். வர்றியா?"

"வர்றேன்மா! அந்தத் தாள்ல டிக்..."

"வந்து நீயே மாத்திப் போடு. கடைக்கு ஒரு கரடி போதும். தாள்ல வேற எதுக்கு?"

இவர் சிரிக்க வைக்கிற ஜாதி! கட்டில்மேல் ஏறிக் குதித்தேன். அக்காவும் ஏறிக் குதித்தாள். கட்டில் கதறியது. மூச்சு வாங்க உட்கார்ந்தபோது அக்கா சுவரைப் பார்த்துச் சொன்னாள்: "நாளைக்கு ஆபீஸ்ல அந்த 'ஆம்' கட்ட எடுத்து இன்னொரு தடவை பிரிச்சுப் பாக்கணும்."

ஜூன் 17, செவ்வாய்

முதல் நாள். மூன்று பேர் கட்டிப்பிடித்தார்கள், ஒருத்தன் கடித்தான். சொர்க்கம்.

ஜூன் 22, ஞாயிறு

கடையில் நல்ல கூட்டம். ஆட்டத்தின் நடுவில் அது வந்தது. நெஞ்சு படபட, கண் ஓட்டை சின்னதாகிக்கொண்டே போனது. ஜிப்பை இழுத்தேன், தலையைக் கழற்றினேன், கடை வாசல் படியில் போய் உட்கார்ந்தேன்.

"அம்மா! கரடி ஒரு அக்காவ முழுங்கிடுச்சு!" என்று ஒரு குட்டிப்பெண் அலறினாள்.

பாதி மூச்சிலும் சிரிப்பு வந்து தொலைத்தது. விசில் தண்ணீர் கொடுத்துவிட்டுக் கூட்டத்தை உள்ளே ஓட்டிக்கொண்டு போனார். குட்டிப்பெண் மட்டும் அவள் அம்மாவின் கையை உதறிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"வலிச்சுதாக்கா?"

"இல்லடா. கொஞ்சம் பயமா இருந்துச்சு."

"கரடிக்கா, உங்களுக்கா?"

"எனக்குத்தான்."

"இப்ப?"

"போய்க்கிட்டே இருக்கு."

கரடித் தலையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "போனதும் சொல்லுங்க. அதுவரைக்கும் இத நான் வச்சிருக்கேன்."

போனதும் சொன்னேன். இரண்டு கையாலும் தூக்கிக் கொடுத்தாள். மாட்டிக்கொண்டு, ஜிப்பை நானே இழுத்தேன்.