டர்பனுக்குப் போன கம்பளி

பக்கத்து மேசைக்காரிக்கு,

டர்பனில், மகன் வீட்டில் மின்விசிறி ஓயாமல் சுற்றுகிறதா?

உங்கள் ஓய்வுப் பரிசு கம்பளிதான் என்று அடம்பிடித்தவன் நான். "கடலோரத்துல வேர்த்து ஊத்தும் சார். அங்க போற டீச்சருக்குக் கம்பளியா? சுவர்க்கடிகாரம் வாங்குவோம்" என்று ஆசிரியர் அறையில் மொலிசே கேலி செய்தான். நான் மசியவில்லை.

விழாவில் நீங்கள் அதைப் போர்த்திக்கொண்டபோது கோடுகள் படுக்கையாகக் கிடந்தன. நம் ஊர் நம்பிக்கைப்படி, போர்த்திய கம்பளியின் கோடு நிமிர்ந்து நிற்காவிட்டால் வளர்ச்சி நின்றுவிடுமே என்று பதறினேன். "அறுபது வயசுல இனி எங்க சார் வளரப்போறேன்?" என்று சிரித்தீர்கள். திருத்தப் போன கையை, எல்லாரும் பார்க்கவே, கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டேன்.

இங்கே லெசோத்தோவில் முதல் பனி விழுந்துவிட்டது. உங்கள் நாற்காலியில் இன்னும் யாரையும் உட்கார விடவில்லை.

அந்தக் கம்பளியை நான் டர்பனுக்காக வாங்கவில்லை.

இப்படிக்கு,
பக்கத்து மேசைக்காரன்