காந்தக் கவரும் மேற்குத் திசையும்

செப்டம்பர் 12

இந்த வாடகை வீட்டுக்கு வந்த அன்று, தொழுகைக்கு மேற்கு எது என்று போனைப் பார்த்து அத்தாவிடம் சொன்னவள் நான்தான். இன்று துடைப்பதற்காகப் போன் கவரைக் கழற்றினேன். திசைகாட்டியின் முள் நகர்ந்துவிட்டது. கவரை மாட்டினால் பழைய இடத்துக்கே போகிறது. கவர் மூடியில் இருக்கும் காந்தத்தின் வேலை. கேமரா, சார்ஜ் எல்லாம் சரியாகவே இருக்கின்றன. கழற்றியதும் திசையும் சரியாகிவிடுவதால் போனுக்குக் கேடில்லை என்று நினைக்கிறேன். ஆனால் நான்கு நாளாக வேறு பக்கம் பார்த்துத் தொழுத அத்தாவுக்கு?

பயந்துகொண்டே சொன்னேன்.

“மேக்கால இருக்குற மலை இந்தப் பக்கமாச்சேன்னு அன்னைக்கே நெனச்சேன்” என்றார், சன்னலில் தெரிந்த மலையைக் காட்டி.

“பெறகு ஏன்த்தா சொல்லல?”

பாயைத் திருப்பிப் போட்டபடி சிரித்தார். “மலையா, படிச்ச புள்ளயான்னு பாத்தேன். ஒன்னத்தான் நம்புனேன்.”