பிள்ளைப்பேற்று மனையின் தளம் குறித்துச் செங்குறிச்சி நாடாள்வாருக்கு விடுத்த ஓலை

மழை தவறாது பெய்க. மாடமும் குடிலும் ஒழுகாது நிற்க.

வேழவரை நாட்டை ஒரு குடைக்கீழ் ஆளும் கோமான் திருநீலவேள் அவர்களின் ஆணை பெற்று, அவர்தம் பேரமைச்சர் குன்றங்கிழார் சொல்லச் சொல்ல, ஓலைநாயகம் சேந்தன் எழுதியது. செங்குறிச்சி நாட்டின் காவலரும், ஆற்றுக்கால் ஊர்களுக்கெல்லாம் நிழலானவரும், பாமாலை தொடுப்பதில் களைப்பென்பதையே அறியாதவருமாகிய நாடாள்வார் விழுப்பரையர் காண்க. உமது வயலும் மனையும் மக்களும் நலம் பெறுக. உமது நலத்தையும் பேரமைச்சர் விரும்பவே செய்கிறார். மேலே படிக்கையில் அதில் உமக்கு ஐயம் பிறக்குமாயின், இவ்வரிக்குத் திரும்பி வந்து மீண்டும் ஒருமுறை படித்துக்கொள்க.

உமது ஊர் மருத்துவச்சி பூதிநங்கைக்கும் கொத்தர் தலைவன் ஏறன் சாத்தனுக்கும் மூண்ட மேல்தள வழக்கை நீர் தீர்க்க மாட்டாமல் தலைநகருக்கு அனுப்பினீர். விவரம் போதாது என்று திருப்பினோம். அதே வழக்கை, விவரம் ஏதும் சேர்க்காமல், முகப்பில் புதிதாக ஒரு வாழ்த்துப்பா மட்டும் சேர்த்து மறுபடியும் அனுப்பினீர். மூன்றாம் முறை வந்தபோது வாழ்த்துப்பா இரண்டாயிருந்தது. அதைக் கண்டு பேரமைச்சர் தலையில் அடித்துக்கொண்டார். ஓர் ஊரின் ஒழுகும் கூரைக்காக அரண்மனையில் பாதிப்பேர் வேலை கெட்டுக் கிடக்க, அந்தக் கூரை மட்டும் ஒழுகிக்கொண்டே இருந்தது.

பூதிநங்கையின் மனை எத்தகையது என்பதை நீர் மறந்திருக்கக் கூடும். ஆற்றுக்கால் ஊர்களின் பெண்கள் பேறுகாலத்தில் வந்து தங்குவது அங்கேதான். வேறு இடம் அவர்களுக்கு இல்லை. பழைய கீற்றுக்கூரையைப் பிரித்துவிட்டுச் சுண்ணாம்புத் தளம் போட அவள் சாத்தனிடம் ஒப்படைத்தாள். போட்ட தளம் கோடைமழைக்கே தாங்கவில்லை. பிள்ளை பெற்று அரைநாளும் ஆகாத ஒருத்தியைக் கட்டிலோடு தூக்கிப்போய் மாட்டுக்கொட்டிலில் கிடத்த நேர்ந்தது. கோடைமழைக்கே இந்தக் கதியென்றால் ஐப்பசி அடைமழைக்கு என்ன ஆகும் என்பதே அவள் கேள்வி. ஐப்பசியோ வாசலில் வந்து நிற்கிறது.

தளத்துக்கென்று காய்ச்சிய வெல்லநீரைச் சாத்தனின் ஆட்கள் குடித்துத் தீர்த்தார்கள் என்று அவள் முறையிட்டாள். தளம் இறுகுமுன்பே அவள் மேலே ஏறி உரல் போட்டுச் சுக்கிடித்தாள் என்று அவன் முறையிட்டான். இருவர் சொல்லிலும் தலையும் இல்லை, வாலும் இல்லை. ஓலைகளை நம்பிப் பயனில்லை என்று கண்ட பேரமைச்சர், முழங்கால் வலியையும் பாராமல் அடியேனையும் அழைத்துக்கொண்டு பல்லக்கேறிச் செங்குறிச்சிக்குத் தாமே வந்தார். நீரோ மாமனார் ஊர் விருந்துக்குப் போயிருந்தீர்.

தளத்தின்மேல் ஏறிய பேரமைச்சரின் குதிகால், மேற்பூச்சை உடைத்துக்கொண்டு உள்ளே போயிற்று. வெளியே வழவழவென்ற பூச்சு. உள்ளே கையால் அள்ளும்படி உதிர்ந்த சல்லி. வழக்காடிய இருவரும் அவர் காலைப் பார்க்கவில்லை. ஒருவரையொருவர் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார்கள். பேரமைச்சர் பிறவியிலேயே பொறுமைசாலி அல்லர். இனி வேழவரை நாட்டில் சாத்தன் கொத்துக்கரண்டி தொடலாகாது என்று ஆணை எழுதும்படி அங்கேயே அடியேனைப் பணித்தார். எழுத்தாணியை எடுத்தேன். அதைக் கண்ட சாத்தன் அப்படியே உட்கார்ந்து அழுதுவிட்டான். அவன் சொன்னதை ஓரெழுத்தும் திருத்தாமல் எழுதச் சொன்னார் பேரமைச்சர், எழுதினேன்.

“தளத்த அடிக்கத்தான் சாமி உக்காந்தோம். பாதி அடிச்சிருக்கோம், நாடாள்வார் ஆளு வந்து நிறுத்துன்னுட்டான். மண்டபத்துல பாட்டு அரங்கேறுது, கட்டைச் சத்தம் கேக்கப்படாதாம். பாட்டு முடிஞ்சதும் அடிச்சுக்கன்னான். பாட்டு முடியவே இல்லியே சாமி! நானும் என்னதான் பண்ணுவேன்? நாளைக்கு முடியும், நாளைக்கு முடியும்னு பாத்தேன், சுண்ணாம்பு காஞ்சு போச்சு.”

நாடாள்வாரே, செங்கற்சல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காய்நீரும் வெல்லநீரும் தெளித்து, பெண்கள் வரிசையாய் அமர்ந்து, ஈரம் காயுமுன் மரக்கட்டையால் விடாமல் அடித்து இறுக்கினால்தான் அதற்குத் தளம் என்று பெயர். நடுவில் நிறுத்தினால் அது வெறும் சல்லிக் குவியல். ஊரில் எவரும் இதை உமக்குச் சொல்லவில்லை. ஏனெனில் அரங்கேற்றத்தைக் குறை கூறியவனுக்கு ஊரார் வேலை தரலாகாது என்பது உமது நாட்டு வழக்கம். பிழைப்புக்கு அஞ்சிய சாத்தன் வாய் திறவாமல் மேலே பூசி மெழுகினான். தொலைவூரில் ஒரு பேறு பார்க்கப் போயிருந்த பூதிநங்கை, திரும்பி வந்து பூச்சை மட்டுமே கண்டாள்.

உண்மை வெளிப்பட்டதும் அவள் முதலில் பேரமைச்சரை நோக்கவில்லை, சாத்தனை நோக்கினாள். “அட பாவி மனுசா, இத அன்னிக்கே சொல்லியிருந்தா ஒன்ன நான் இம்புட்டு ஏசியிருப்பேனா?” என்றாள். பிறகு உமது பெயரைச் சொல்லி ஏசினாள். அதை எழுத வேண்டாம் என்று பேரமைச்சர் கைகாட்டினார். ஆனால் கேட்டு முடிக்கும்வரை அவளைத் தடுக்கவில்லை.

காரணம் நீரே என்று தெரிந்தே மூன்று முறை ஓலை விடுத்தீர் என்று பேரமைச்சர் கருதவில்லை. அப்படி ஓர் உத்தரவு இட்டதையே நீர் மறந்துபோனீர் என்றே நம்புகிறார். அவருடைய ஆத்திரமெல்லாம் அதற்காகத்தான்.

இவ்வாறிருக்க, தளத்தின்மேல் நின்ற எங்கள் தலையில் தூறல் விழுந்தது. ஆற்றுக்காலிலிருந்து வலியெடுத்த ஒருத்தியை ஏற்றிக்கொண்டு மாட்டுவண்டியும் வாசலில் வந்து நின்றது. பூதிநங்கை அண்ணாந்து வானத்தைப் பார்த்தாள், குனிந்து மாட்டுக்கொட்டிலைப் பார்த்தாள். பேரமைச்சரால் அதைத் தாங்க முடியவில்லை. எதிர்த்தெருவில் உமது அரங்கேற்ற மண்டபம், துளி ஒழுகாத தளத்தோடு, பூட்டிக் கிடந்தது. காவலனிடம் திறவுகோலை வாங்கித் தம் கையாலேயே திறந்தார். நீர் வீற்றிருந்து பாடும் மேடையில் பாய் விரித்தார்கள். பொழுது சாயுமுன் பெண்குழந்தை பிறந்தது. தாயும் சேயும் நலம்.

ஆகவே கோமான் பெயரால் ஆணையாவது: பழைய தளம் முழுவதையும் பெயர்த்தெடுத்துப் புதிதாய்ப் போடுக. உண்மையை மறைத்துப் பூசிய குற்றத்துக்குச் சாத்தன் கூலியின்றி உழைப்பான். கரண்டி அவன் கையிலேயே இருக்கும். சுண்ணாம்பும் வெல்லமும் கடுக்காயும் உமது பண்டகசாலையிலிருந்து போகும். அடிக்கும் பெண்களுக்குச் சோறு உமது மடைப்பள்ளியிலிருந்து போகும். அரங்கேற்றத்தைக் குறை கூறியவனுக்கு வேலையில்லை என்னும் வழக்கம் இன்றோடு ஒழிந்தது. புதிய தளத்தில் ஓர் அடைமழை முழுதும் பெய்து ஓயும்வரை, உமது மண்டபமே பூதிநங்கையின் மனை. அதன் திறவுகோல் அவள் இடுப்பிலிருக்கும். அதுவரை அவள் இசைவின்றி நீர் அதன் படியேறலாகாது.

அங்கே பிறக்கும் பிள்ளைகள் எப்பொழுதும் அழும், உரக்க அழும், உமது உறக்கம் கலையும்படியும் அழும். அமைதி காக்கச் சொல்லி எவரையும் அங்கே அனுப்பாதீர்.

வேழ முத்திரை வைத்து விடுத்தோம். ஓலையில் கண்டபடி செய்க. மறுமொழி அனுப்புவதாயின் உரைநடையில் அனுப்புக.